தேயிலையில் இல்லாத வாடை

அன்று காலை தேயிலையில் ஒரு வாடை வந்தது. மூடி வைத்த பாத்திரத்தில் கெட்டுப்போன கிழங்கின் வாடை. அடுத்த கோப்பையிலும் அதே வாடை. அதற்கடுத்ததிலும் அதேதான்.

நான் கண்டிக்கு மேலே ஒரு தேயிலை ஸ்டோரில் டீமேக்கர். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். இரவில் அரைத்து உலர்த்திய தூளைக் காலையில் கொதிநீரில் ஊறவைத்து வெள்ளைக் கோப்பைகளில் ஊற்றி வரிசையாக வைப்பார்கள். சாயத்தைக் கரண்டியில் எடுத்து, காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றித் துப்ப வேண்டும். அந்த ஒரு நொடியில் தூள் நல்லதா, கருகியதா, புளித்ததா என்று வாய் சொல்லிவிடும். என் வாயை நம்பித்தான் ஸ்டோரிலிருந்து லொறி புறப்படும்.

அன்று லொறியை நிறுத்தினேன். ட்ரையரைக் கழுவினீர்களா, கூட்டினீர்களா என்று எல்லோரையும் கண்டபடி ஏசினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் உதவியாளர் நிஸாம் கரண்டியை எடுத்து எல்லாக் கோப்பைகளையும் உறிஞ்சிப் பார்த்தார். அலவத்துகொடக்காரர், என்னைவிடச் சில வயது இளையவர், பல வருடங்களாக என் பக்கத்தில் நிற்பவர்.

"சேர், தூள்ல ஒரு வாடையும் இல்லியே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கோவிச்சுக்க வாணாம். ஒங்கட பல்லு ஏதும் பழுதா ஈக்கிதா?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. வீட்டுக்குப் போய் மனைவி புனிதாவிடம் நிஸாமைப் பற்றி முறையிட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஏங்க, ஒரு மாசமா நானே சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள்.

இப்படித்தான் எனக்கு நோய் தெரியவந்தது. வலி வரவேயில்லை. அதனால் உங்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: பல் வலிக்கவில்லை என்பதற்காகப் பல் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மேல் தாடையின் வலப்பக்கம், கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர்களில் சீழ் கட்டியிருந்தது. நான் தேயிலையில் கண்ட வாடை என் வாயிலிருந்தது.

கண்டி டவுனில் டொக்டர் வாசுகி அந்த இரண்டையும் பிடுங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், வாய்க்கும் தாடைக்கும் அறுவைச் சிகிச்சை செய்யும் நிபுணர். அதிகம் பேசமாட்டார். பேசினால் மறுபேச்சு இருக்காது.

காயம் ஆறியதும் தட்டுப்பல் செய்து தந்தார்கள். அண்ணத்தை மூடிக்கொண்டு உட்காரும் பிளாஸ்டிக் தகடு அது, கழற்றி மாட்டலாம். மாட்டிக்கொண்டு கோப்பைக்கு முன் நின்றேன். உறிஞ்சினேன். பக்கத்து வீட்டில் யாரோ தேநீர் குடிப்பது போலிருந்தது. சூடு தெரியவில்லை, பிடிப்பு (வாயை இறுக்கும் துவர்ப்பு) தெரியவில்லை. தகட்டைக் கழற்றினால் இடைவெளி வழியாகக் காற்று ஓடி உறிஞ்சலே பிசகியது. டீமேக்கருக்கு வாய் போனால் என்ன மிச்சம்? அன்றே டொக்டரிடம் ஓடினேன்.

"பல்லை நிரந்தரமா நட்டு விடுங்க டொக்டர். எப்ப செய்யலாம்? நாளைக்கு?"

"கதிரையில இருங்கோ முதல்ல" என்றார்.

அவர் நட நினைத்தது இம்பிளான்ட் (தாடை எலும்புக்குள் திருகி வைக்கும் டைட்டேனியம் வேர்). அதன் மேல்தான் பல் வரும். முப்பரிமாண ஸ்கேன் எடுத்து என் தாடையைக் கணினித் திரையில் சுழற்றிக் காட்டினார். எலும்பில் எங்கே துளைக்கப் போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, அவர் வெறும் இடத்தில் ஒரு பல்லை வரைந்தார்.

"முதல்ல பல்லு எங்க நிக்க வேணுமெண்டு முடிவெடுப்பம். கீழ்ப்பல்லோட அது எப்பிடிப் பொருந்தும், எவ்வளவு பாரம் தாங்கும் எண்டு பாப்பம். அதுக்குப் பிறகுதான் வேர். கடைசியாத்தான் எலும்பு."

முடிவிலிருந்து பின்னோக்கி வருவதுதான் திட்டம் என்றார். எனக்கு எதையும் தொடக்கத்திலேயே முடித்துவிட வேண்டும்.

பின்னோக்கி வந்து பார்த்ததில் எலும்பு போதவில்லை. மேல் கடைவாய்ப் பற்களுக்கு மேலே, கன்னத்துக்குள், சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. பற்கள் போன இடத்தில் அந்த அறை கீழே இறங்கி, எனக்கு எலும்பு ஒரு மெல்லிய ஓடாகத்தான் மிஞ்சியிருந்தது. வேரைத் திருகினால் நேரே காற்றறைக்குள் போய்விடும். எனவே முதலில் அறையின் உட்சவ்வை மேலே தள்ளி, அடியில் எலும்புத் துகள்களை நிரப்ப வேண்டும். அவை என் எலும்பாகவே மாறச் சுமார் அரை வருடம். பிறகு வேர். அது எலும்போடு ஒட்ட இன்னும் சில மாதம். அதற்குப் பிறகுதான் பல்.

"அந்தச் சவ்வு, அவிச்ச முட்டையில ஓட்டுக்கும் வெள்ளைக்கும் நடுவில இருக்கிற தோல் மாதிரி" என்றார். "கிழிஞ்சால் எல்லாம் போச்சு."

சத்திரசிகிச்சையின்போது விழித்துத்தான் இருந்தேன். மரக்க ஊசி போட்டிருந்ததால் வலி இல்லை, சத்தம்தான். ஈறைப் பிரித்து, எலும்பில் பெருவிரல் நகமளவு ஜன்னல் திறந்தார்கள். சவ்வை உயர்த்தும் நேரத்தில் சுற்றி நின்றவர்கள் அசையவில்லை. என் கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. "காலை ஆட்டாமல் வச்சிருங்கோ" என்றார் டொக்டர், தலையைத் தூக்காமல்.

தையல் போட்ட பின் கட்டளைகள் வந்தன. மூக்குச் சீறக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். சூடாக எதுவும் கூடாது. உறிஞ்சவே கூடாது, துப்பவும் கூடாது. உறிஞ்சும்போது காற்றறையில் அழுத்தம் மாறி, சவ்வு இழுபட்டுக் கிழியும்.

"என் உத்தியோகமே உறிஞ்சித் துப்புறதுதான் டொக்டர்" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப லீவு எடுங்கோ."

எடுத்தேன். நிஸாம் என் இடத்தில் சுவைப்பார் என்று ஏற்பாடு. டொக்டர் எலும்பைப் பார்த்தார், மெனேஜர் லொறியைப் பார்த்தார், நான் என் வாயைப் பார்த்தேன். நான் பிறையைப் பார்க்கவில்லை. லீவின் இரண்டாவது வாரத்தில் ரமழான் நோன்பு தொடங்கியது.

குண்டசாலை வீட்டில் நான் இருந்த இருப்பைப் புனிதாவிடம்தான் கேட்க வேண்டும். கேட்டுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். "கொஞ்ச நேரம் ஒரு எடத்துல ஒக்காருங்களேன், எனக்குத் தல சுத்துது" என்றாள். மறுநாள் காலை அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து பஸ் ஏறிவிட்டேன். சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரத்தான்.

ஸ்டோரில் சுவைக்கும் மேசை காலியாக இருந்தது. ஒரு கோப்பைகூட வைக்கவில்லை.

"நோம்பு புடிச்சிக்கிட்டு வாய்ல வைக்க ஏலாதே சேர்" என்றார் நிஸாம். "அந்திக்கி நோம்பு தொறந்த பொறகு பாக்குறேன். மெனேஜர்க்கிட்ட செல்லித்தான் ஈக்கிது. லொறியும் நாளக்கித்தான்."

எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. தூள் அந்திவரை காத்திருக்கும். காத்திருக்க முடியாதது நான் மட்டும்தான். தண்ணீர்க் கேத்தலை நானே வைத்தேன். ஒரேயொரு கோப்பை. ஆறவிட்டு, மெதுவாக வாயில் விட்டு, விழுங்கிவிடுவேன். அதில் என்ன வந்துவிடப் போகிறது?

கரண்டி உதட்டைத் தொட்டதும் வாய் என் கட்டுப்பாட்டில் இல்லை. இத்தனை வருடப் பழக்கம். "வாணாம் சேர்!" என்று நிஸாம் கத்துவதற்குள் முழு மூச்சில் உறிஞ்சிவிட்டேன்.

கன்னத்துக்குள் ஏதோ விட்டுப்போனது. மூக்கில் சூடாக இறங்கியது. லேஞ்சியை (கைக்குட்டையை) வைத்துப் பிடித்தேன். எடுத்துப் பார்த்தால் தேயிலைச் சாயமும் இரத்தமும், நடுவே மணல்போல வெள்ளைத் துகள்கள். என் எலும்பாக மாற வேண்டியவை.

பட்டினி வயிற்றோடு நிஸாம்தான் வேனில் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுவந்தார்.

டொக்டர் வாய்க்குள் பார்த்தார். விளக்கை அணைத்தார். "உறிஞ்சக் கூடாதெண்டு சொன்னனான் எல்லோ?"

"சொன்னீங்க."

"சவ்வு கிழிஞ்சு போச்சு. வச்ச எலும்பு முழுக்க எடுக்க வேணும். கிருமி பிடிச்சால் இன்னும் கரைச்சல்."

"திரும்ப வைக்கலாமா?"

"ஆற விட்டுத்தான் பாக்க வேணும். சரிவருமெண்டு இப்ப சொல்லேலாது. வராட்டில் தட்டுப்பல்தான்."

கிருமியும் பிடித்தது. மாத்திரையால் வாயெல்லாம் இரும்பு ருசி, கொப்பளிக்கும் மருந்து மீதிச் சுவையையும் கொண்டுபோனது. சோறு, பருப்பு, தண்ணீர் எல்லாம் ஒரே மாதிரி. ஒருநாள் புனிதா தந்த ஆறிய பிளேன்டீயை வாயில் வைத்தேன். ஒன்றுமே தெரியவில்லை. அழுதுவிட்டேன். எத்தனையோ பேரின் தூளை இது குப்பை என்று தள்ளிய வாய் அது. அந்திவரை பொறுக்காததற்காக அதைத் தொலைத்துவிட்டேனே என்று இருந்தது. புனிதா கோப்பையை வாங்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நோன்பு முடிவதற்குள் நிஸாம் பல தடவை நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார். மெல்ல வேண்டியதில்லை, ஆறவைத்துக் குடிக்கலாம், நோயாளிக்கு அதைவிட என்ன வேண்டும்? எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது. ஒருநாள் தூக்குச்சட்டியைத் தந்தபடியே, "நல்ல கூத்து சேர். நோம்பு புடிச்சது நான், முறிச்சது நீங்க" என்றார். புனிதா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிக்கவும் பயம், தையல்.

காத்திருந்தேன். காத்திருக்கக் கற்றுக்கொண்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் பொய். நகத்தைக் கடித்தேன், எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன், டொக்டருக்கு அடிக்கடி போன் செய்து திட்டு வாங்கினேன். ஸ்டோரில் நிஸாம் சுவைக்க, நான் பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்தேன். காற்றறை சுத்தமானதும் டொக்டர் மறுபடி எலும்பு வைத்தார். இம்முறை கரண்டி இருக்கும் திசைக்கே போகவில்லை.

எலும்பு பிடித்தது. ஸ்கேனில் ஓடு இருந்த இடத்தில் கனமான வெண்மை தெரிந்தது. வேர் வைக்கும் நாளில், திரையில் முதலில் வரைந்த பல்லுக்கு ஏற்ப வார்த்த வழிகாட்டித் தகட்டை வாயில் பொருத்தினார்கள். துளை எங்கே, எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழம் என்பதை அது காட்டும். துளைத்தது கொஞ்ச நேரந்தான். யோசித்தது அத்தனை மாதம்.

வேர் ஒட்டியதா என்று பார்க்க, பிறகொரு நாள் டொக்டர் கருவியின் பிடியால் அதைத் தட்டினார். விரிசல் இல்லாத கோப்பையைத் தட்டினால் வரும் ஓசை. அதற்கு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. டொக்டர் முதன்முறையாகச் சிரித்தார். "ஓம், பிடிச்சிட்டுது."

பற்கள் வந்தன. அவற்றில் ஒரு விசித்திரம் உண்டு, இம்பிளான்ட் வைத்தால் உங்களுக்கும் இருக்கும். சொந்தப் பல்லைச் சுற்றி மெல்லிய நார்கள் இருக்கும், ஒரு மணல் அகப்பட்டாலும் அவை சொல்லும். இம்பிளான்டுக்கு அது இல்லை. கடிக்கும், ஆனால் உணராது. என் வாயின் ஒரு மூலை இப்போது மௌனம்.

டொக்டர் அனுமதி தந்த மறுநாள் காலை மேசைக்கு முன் நின்றேன். உறிஞ்சினேன். சூடு தெரிந்தது, பிடிப்பு தெரிந்தது, கடவுளே, எல்லாம் தெரிந்தது. துப்பப் போகும் நேரத்தில் அடியிலிருந்து ஒரு வாடை வந்தது. லேசான புகை.

மறுபடியுமா? தூளா, நானா? அடுத்த கோப்பையிலும் அதே வாடை. யாரையும் ஏசவில்லை. கரண்டியை நிஸாமிடம் நீட்டினேன்.

அவர் உறிஞ்சினார். சுழற்றினார். துப்பினார். இன்னொரு கோப்பைக்குப் போனார்.

"சேர்," என்றார் தயக்கத்தோடு, "பொக வாடை ஈக்கிது. ட்ரையர்லதான் எங்கயோ ஓட்ட."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கண்ணால் தண்ணீர் வந்தது. தூள் கெட்டதற்கு எந்த டீமேக்கரும் இப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டான். ஏச்சு வரும் என்று ஒதுங்கி நின்றவர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

இப்போது மறுபடியும் நோன்பு. ஸ்டோரில் கோப்பைகளை அந்தியில்தான் வைக்கிறோம். நான் மட்டும் காலையில் சுவைத்துவிடலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் என் வாய்க்கு இன்னொரு வாய் துணை வேண்டும் என்று தெரிந்த பிறகு தனியாகக் கரண்டியை எடுக்க மனம் வரவில்லை. நிஸாம் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைப் பார்க்கிறார். கேத்தல் கொதிக்கக் காத்திருக்கிறது. நான் கதிரையில் உட்கார்ந்திருக்கிறேன். கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது.