தானாகத் திறக்காத கதவு

டெல்மர் ஹோக்ஸ்ட்ரா கதவைத் திறந்து மூடியே ஓய்வூதியம் வாங்கியவர். தெற்கு டகோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டினார். ஓட்டுவது பெரிய விஷயமில்லை, வண்டி தானே போகும் என்பார். பக்கத்திலிருக்கும் நெம்புகோலை இழுத்துக் கதவைத் திறப்பதும், கடைசிப் பிள்ளையின் புத்தகப்பை உள்ளே வந்துவிட்டதா என்று பார்த்து மூடுவதும்தான் வேலை. அத்தனை வருடத்தில் ஒரு பையின் வார்கூட அவர் கதவில் சிக்கியதில்லை. அதனால் கதவைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்றொரு நினைப்பு அவருக்கு உண்டு. அந்த நினைப்புதான் கடைசியில் அவர் மனைவி ஆர்டிஸைக் கழிப்பறைக்குள் போட்டு அடைத்தது.

ஓய்வு பெற்றதும் இருவரும் ஒரு டிரெய்லர், அதாவது சக்கரம் வைத்த குட்டி வீடு, வாங்கினார்கள். பனி விழும் மாதங்களில் அதைப் பிக்கப் வண்டியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு அரிசோனாவுக்கு, யூமா பக்கத்தில் உள்ள எங்கள் டிரெய்லர் பேட்டைக்கு வந்துவிடுவார்கள். இங்கே ஜனவரியில் அரைக்கால் சட்டையோடு நாற்காலி போட்டு உட்காரலாம். டெல்மருக்கு சொர்க்கம் என்றால் அதுதான்.

டிரெய்லர் கட்டுகிறவர்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஆசைதான், வாயில் வரமாட்டேன் என்கிறது. வெளிக்கதவு வரைக்கும் மனசு வைப்பார்கள். உள்கதவு என்று வந்துவிட்டால் தகர டப்பாவை வெட்டிச் செய்தது போல இரண்டு கீல், கடுகு சைஸில் நாலு ஸ்க்ரூ, அதைப் பிடித்துக்கொள்ள பிஸ்கட்டு மாதிரி ஒரு மரம். நெடுஞ்சாலையில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்வதற்குள் ஒவ்வொரு ஸ்க்ரூவும் பால்பல் மாதிரி ஆடும். ஓட்டைக்குள் பசை தடவிய பல்குச்சிகளை அடைத்து, காய்ந்ததும் மறுபடி திருகுவது எங்கள் பேட்டை வைத்தியம். ஹோக்ஸ்ட்ரா வீட்டுக் கழிப்பறைக் கதவில் மரத்தைவிடப் பல்குச்சிதான் அதிகம்.

வியாழக்கிழமைகளில் சீட்டாட்டம். பினாக்கிள், எத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஏலம் கேட்டு ஆடுவது. பக்கத்து டிரெய்லர் நார்பர்ட்டும் அவர் மனைவி லவோனும் ஒரு வாரம் இங்கே வருவார்கள், மறுவாரம் இவர்கள் அங்கே போவார்கள். நார்பர்ட் அயோவாவில் பன்றி வளர்த்தவர். ஆள் முரடு, ஆனால் மரியாதை தெரிந்தவர். அந்த மரியாதைதான் வினையாகப் போயிற்று. ஒரு வியாழக்கிழமை அவர் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தபோது, மேசைக்கு இரண்டடி தள்ளியிருந்த கழிப்பறைக் கதவு கொஞ்சமும் அவசரமில்லாமல் தானாகத் திறந்துகொண்டது. உள்ளே ஆர்டிஸ் உட்கார்ந்திருந்தாள். நார்பர்ட் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, "வணக்கம் ஆர்டிஸ்" என்றார்.

கதை வெள்ளிக்கிழமை காலைக்குள் பேட்டை முழுக்கப் பரவிவிட்டது. பேட்டையின் பொதுச் சலவையறைக்குத் துணி துவைக்கப் போனால், அங்கே நிற்கும் கிழவன் ஒவ்வொருவனும் ஆர்டிஸைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். அவள் துணியை ஈரத்தோடு அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"டெல்மர், நல்லாக் கேட்டுக்கோ. நான் உள்ள இருக்கறப்போ அந்தக் கதவு இன்னொரு தடவை தானாத் திறந்துச்சு, அன்னிக்கே இந்த டிரெய்லரை வித்துடறோம். வெர்னிஸ் வீட்டுக்குப் போயிடறோம்."

"விளையாடாத ஆர்டிஸ்."

"என் மூஞ்சியைப் பாரு. விளையாடற மூஞ்சியா இது?"

பார்த்தார். இல்லை.

வெர்னிஸ் ஆர்டிஸின் அக்கா. தெற்கு டகோட்டாவில் சூ ஃபால்ஸ் என்ற ஊரில் அவள் வீட்டு நிலவறையில் ஒரு கட்டில் போட்டு வைத்திருக்கிறாள். டெல்மர் ஒரு குளிர்காலம் முழுக்க அந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார். தலைமாட்டில் துணி துவைக்கும் இயந்திரம், கால்மாட்டில் பூனையின் மணல்தட்டு, சன்னலில் முக்கால்வாசிக்குப் பனி. காலையில் படிக்கட்டின் மேலே நின்றுகொண்டு வெர்னிஸ் வானிலை அறிக்கையைச் சத்தமாக வாசிப்பாள். அங்கே திரும்பிப் போவதைவிட டெல்மர் பனியிலேயே பாய் விரித்துப் படுப்பார்.

அதனால் இந்த முறை பல்குச்சி இல்லை. பாலைவனத்துச் சந்தையில் ஒருவன் இடித்துப்போட்ட பள்ளிக்கூடத்துச் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தான். அதிலிருந்து மூன்று ஸ்பிரிங் கீல்களைப் பொறுக்கி எடுத்தார். சமையற்கூடக் கதவில் இருந்தவை. ஒவ்வொன்றும் ஒரு உள்ளங்கை அகலம். கதவை எத்தனை தூரம் திறந்துவிட்டாலும் அறைந்து சாத்திவிட்டுத்தான் ஓயும்.

"யோவ், கழிப்பறைக்கா இது? ஜெயிலுக்கா?" என்று கேட்டார் நார்பர்ட்.

"கதவைப் பத்தி எனக்கு நீ சொல்லாத. பன்னிக்கு எங்கய்யா கதவு?"

"பன்னி வெளிய வராம இருந்துச்சுல்ல? உன் வீட்லதான் கதவு மூடி நிக்க வழியக் காணோம்."

கீல் கிடைத்தது, அதைத் தாங்க மரம் வேண்டுமே. நிலையின் உள்பக்கம் கெட்டி மரத்தில் ஒரு பட்டை வைத்தால்தான் அந்த நீள ஸ்க்ரூ பிடிக்கும். டெல்மர் டிரெய்லருக்குள் சுற்றுமுற்றும் பார்த்தார். அடுப்புக்குப் பக்கத்தில் ஆர்டிஸின் ரொட்டிப் பலகை இருந்தது. நல்ல மேப்பிள் மரம், அவள் கல்யாணத்துக்கு வந்தது. ஒரு ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு அறுத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அறுத்தார். அறுத்தது கோணலாகப் போகவே நேராக்குவதற்கு இன்னும் கொஞ்சம் அறுத்தார். மீதியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

வியாழக்கிழமை மதியம் வேலை முடிந்தது. இந்த முறை இடுக்கில் ஒரு தாள்கூட நுழையாதபடி கதவை இழைத்துப் பொருத்தியிருந்தார். ஓரங்களில் வார்னிஷும் அடித்தாயிற்று. அது காயும்வரை கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு வெங்காய மூட்டையை முட்டுக் கொடுத்தார். வெளியே போயிருந்த ஆர்டிஸ் வந்து பார்த்தாள். கீலைத் தட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்காக டெல்மர் இன்னும் மூன்று டிரெய்லருக்குக் கீல் போடுவார்.

"பரவால்லியே மனுஷா. ஆமா, காப்பி ஏன் கப்புல ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்குது?"

டெல்மர் நெற்றியில் அடித்துக்கொண்டார். காலையில் கழிவுநீர்த் தொட்டியைக் கடைசிச் சொட்டு வரை வடிப்பதற்காக டிரெய்லரின் ஒரு மூலையிலிருக்கும் இரும்புக் காலை ஜாக்கி மாதிரித் திருகி அந்த மூலையை உயர்த்தியிருந்தார். அந்தக் கால் வண்டி ஆடாமல் நிற்கத்தான், தூக்குவதற்கில்லை. தூக்கினால் மொத்த டிரெய்லரும் முறுக்கிக்கொள்ளும். இது பேட்டையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பார்க்காதபோது எல்லோரும் தூக்குவார்கள். டெல்மர் வெளியே போய்க் காலை இறக்கினார். காப்பி நேராயிற்று. முறுக்கிக்கொண்டு நின்ற வீட்டில் அளவெடுத்துப் போட்ட கதவு, முறுக்கு விட்ட வீட்டில் என்ன செய்யும் என்று மனுஷன் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. கதவு அப்போதும் வெங்காயத்தில் சாய்ந்து சாதுவாக நின்றுகொண்டிருந்தது.

விருந்தாளிகள் வந்தார்கள். லவோன் வழக்கம்போல் காரட் துருவிப் போட்ட ஆரஞ்சு ஜெல்லியைக் கொண்டுவந்தாள். வழக்கம்போல் எல்லோரும் அதை நன்றாயிருக்கிறது என்றார்கள், யாரும் தொடவில்லை.

"என் பலகை எங்க டெல்மர்? பன் ரொட்டியை எதுல வச்சு வெட்டறது?"

"தட்டுல வையேன். தட்டு என்ன கேவலமாப் போச்சா?"

ஆர்டிஸ் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் சீட்டைக் கலைத்தார்.

இரண்டு ஆட்டம் முடிந்து மூன்றாவதற்குச் சீட்டுப் போட்டதும் ஆர்டிஸ் எழுந்தாள். சீட்டைக் கையோடு எடுத்துக்கொண்டாள், நார்பர்ட்டுக்கு ஓரத்தைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் உண்டு. கதவருகே நின்று, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வெங்காய மூட்டையைக் காலால் தள்ளினாள்.

கதவு சாத்திக்கொண்ட சத்தத்தில் அலமாரியிலிருந்த தட்டெல்லாம் குதித்தது.

"கேட்டியா?" என்றார் டெல்மர் பெருமையோடு. "அதான் கதவு."

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு முட்டல். பிறகு ஒரு இடி.

"டெல்மர், கதவு வரல."

"தள்ளும்மா."

"தள்ளிட்டுத்தான்யா இருக்கேன்!"

டெல்மர் பிடியை இழுத்தார். பிடி கையோடு வந்தது. கதவு நிலைக்குள் அடித்த ஆப்பு மாதிரி நின்றது.

"கீலோட ஆணியைத் தட்டி எடு" என்றாள் லவோன்.

"எடுக்க முடியாது. கதவு மூடியிருந்தா யாரும் கழட்ட முடியாத கீலாப் பாத்துத்தான் வாங்கினேன்."

"ரம்பத்தை எடுத்துட்டு வரேன்" என்றார் நார்பர்ட்.

"ரம்பம் உள்ள வந்துச்சு, அதே ரம்பம் உன் கழுத்துக்கு வரும் நார்பர்ட்!" என்றது கதவு.

அப்புறம் உள்ளே நிலையை விரலால் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. அது டெல்மருக்குக் கத்தலைவிடப் பயமாக இருந்தது.

"டெல்மர்."

"சொல்லும்மா."

"நிலையில ஒரு பட்டை அடிச்சிருக்க. அதுல பாதி ரோஜாப்பூ செதுக்கியிருக்கு."

டெல்மர் கையோடு வந்த பிடியை மறுபடி ஓட்டையில் செருகிப் பார்த்தார்.

"என் பலகையில ஒரு ரோஜாப்பூ இருக்கும் டெல்மர்."

"கெட்டியான மரம் வேணும்னு..."

"வெளிய வரேன் இரு. வரமுடிஞ்சா வரேன்."

லவோன் பெருமூச்சு விட்டு, சீட்டை முகத்துக்கு நேரே பிடித்தாள். "சரி, ஆட்டம் என் கேள்வியில நிக்குது. இருபத்தஞ்சு கேட்டேன். ஆர்டிஸ் இல்லாததால..."

"யாரு இல்ல? இருபத்தாறு!"

"முப்பது" என்றாள் லவோன், மூடிய கதவைப் பார்த்து.

"முப்பத்தஞ்சு. துருப்பு ஸ்பேட்!"

இந்தக் கேள்விக்குக் கைநிறைய நல்ல சீட்டு வேண்டும். நார்பர்ட்டுக்கு வியர்த்துவிட்டது, காப்பி ஊற்றிக்கொள்ள எழுந்து அடுப்புப் பக்கம் போனார். பன்றிக் கறி தின்று வளர்ந்த உடம்பு, அந்த மூலையில் அவர் பாதம் வைத்ததும் கதவு கிரீச் என்று ஒரு நூல் தளர்ந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார். கதவு மறுபடி கிரீச் என்று இறுகியது.

"நார்பர்ட், எந்திரி" என்றார் டெல்மர். "அங்க போ. திரும்பி வா. மறுபடி போ."

"என்னய்யா, என்னை நாட்டியமா ஆடச் சொல்ற?"

டெல்மர் நெற்றியில் இரண்டாவது முறையாக அடித்துக்கொண்டார். "மூலைக்காலு! காலைத் தூக்கி வச்சுக்கிட்டுக் கதவைப் போட்டிருக்கேன்யா நான்!"

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. அது சிரிப்பா அழுகையா என்று அவருக்குப் புரியவில்லை.

நார்பர்ட் வெளியே ஓடிப்போய் காலைத் திருக ஆரம்பித்தார். உள்ளே தரை ஒரு பக்கமாக எழும்பியது. கப்புகள் நகர்ந்தன, பன் உருண்டது, ஜெல்லித் தட்டு தன்பாட்டுக்கு மேசையின் ஓரம் நோக்கிப் பயணப்பட்டது. பிடி இருந்த ஓட்டையில் துண்டைக் கட்டி டெல்மர் இழுத்தார், உள்ளேயிருந்து ஆர்டிஸ் உதைத்தாள். வண்டி எங்கேயோ ஒரு முனகு முனகியது. கதவு பட்டென்று விட்டது. டெல்மர் பின்புறமாகப் போய் ஜெல்லியில் உட்கார்ந்தார். கதவு அதே வேகத்தில் திரும்பிச் சாத்திக்கொள்ளப் பார்த்தது. லவோன் வெங்காய மூட்டையை வீசினாள், குறி தப்பவில்லை.

கதவு அகலத் திறந்து நின்றது. உள்ளே ஆர்டிஸ், மூடியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, சீட்டுகளை விசிறி போலப் பிடித்திருந்தாள். அப்போது நார்பர்ட் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தார். பார்த்தார். பழக்கதோஷம், தொப்பியைக் கழற்றிவிட்டார்.

டெல்மருக்குக் கண்ணெதிரே நிலவறைக் கட்டில் தெரிந்தது. பூனை தெரிந்தது. ஜெல்லியில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"வெர்னிஸுக்குப் போன் போடட்டுமா?"

"எதுக்கு?"

"கதவு திறந்துடுச்சே ஆர்டிஸ்."

ஆர்டிஸ் கதவைப் பார்த்தாள், கீலைப் பார்த்தாள், பாதி ரோஜாப்பூவைப் பார்த்தாள், காரட் ஒட்டிய புருஷனைப் பார்த்தாள்.

"தானாத் திறந்தாப் போறோம்னுதான் சொன்னேன். ஒருத்தன் வெளிய திருகி, ஒருத்தன் உள்ள இழுத்து, நான் உதைச்சுத் திறந்துருக்கு. அது கணக்குல வராது."

டெல்மருக்கு அழுகையே வந்துவிட்டது. எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ளப் பார்த்தார்.

"கிட்ட வராத, ஜெல்லி ஒட்டும். எல்லாரும் உக்காருங்க, என் ஆட்டம். நார்பர்ட், தொப்பியைப் போடு, உன் வழுக்கை வெளிச்சம் கண்ணுல அடிக்குது."

அவள் அங்கிருந்து எழுந்திரிக்கவில்லை. நல்ல சீட்டு வந்த இடத்தை விட்டு நகரக்கூடாதாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, சாய்ந்து கிடந்த டிரெய்லரில், ஒவ்வொரு சீட்டாக மேசைக்கு வீசிக் கேட்டதற்கு மேலேயே எடுத்தாள்.

மறுநாள் காலை டெல்மர் மூலைக்காலை இறக்கி, வீட்டை நேராக நிறுத்தி, கதவை மறுபடி கழற்றி இழைத்துக்கொண்டிருந்தார். ஸ்பிரிங்கையும் தளர்த்திவிட்டார். ஆர்டிஸ் வந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்த மீதிப் பலகை அவள் கையில் இருந்தது. டெல்மர் தலை குனிந்துகொண்டார்.

"இந்தா. துணி அலமாரிக் கதவும் தொங்குது" என்று பலகையை அவர் மடியில் போட்டாள். "அடுத்த வருஷம் வர்றப்போ அதுவும் ஆடாம இருக்கணும்."