கேஜ் கம்பம் போன காலை

மேட்டூர் அணை கட்டி முடிவதற்கு முந்தைய ஓர் ஆடி மாதம். நான் கேஜ் ரீடராகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் அடிக்கணக்கு எழுதிய மரக்கம்பம் ஒன்று நட்டிருக்கும். காவேரி அதில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து செக்‌ஷன் ஆபீஸில் சொல்வதுதான் என் உத்தியோகம். அந்த எண் டெலிபோனில் முக்கொம்புக்குப் போகும். ஆறு அங்கேதான் காவேரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிகிறது. காவேரியில் தண்ணீர் மிஞ்சினால் கொள்ளிடத்து ஷட்டர்களைத் தூக்கி வெள்ளத்தை அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள். ஊர் நனையாமல் இருந்தது அந்த ஓர் எண்ணை நம்பித்தான்.

அன்று காலை ஆறு மணிக்குப் போனால் கம்பத்தைக் காணோம். வெள்ளம் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. சைக்கிளை மிதித்து ஆபீஸுக்கு ஓடினேன்.

"ரீடிங் என்னய்யா?" என்றார் ஹெட் கிளார்க், ரெஜிஸ்டரிலிருந்து தலை நிமிராமல்.

"கம்பமே போயிடுச்சுங்க சார்."

"கம்பம் போச்சுன்னு எழுத ரெஜிஸ்டர்ல கட்டம் இருக்கா? காலியாவும் விடக்கூடாது. நேத்து சாயங்காலம் எவ்வளவு?"

"எட்டரை அடிங்க."

"அதையே போடு. அதுக்குள்ள காவேரி எங்க ஓடிடப் போகுது?"

ஓடுவதுதான் அதன் வேலை என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. உத்தியோகம் இன்னும் நிரந்தரமாகவில்லை. எழுதினேன். அவர் முக்கொம்புக்குப் போன் செய்து, "எட்டரை, ஸ்டெடி" என்றார். ரெஜிஸ்டர் பார்க்க அழகாக இருந்தது.

மனசு கேட்காமல் படித்துறைக்குத் திரும்பினேன். பள்ளிக்கூட வாத்தியார் சேஷாத்ரி ஐயங்கார் சொம்பால் மொண்டு குளித்துக்கொண்டிருந்தார். வெள்ளமானாலும் அவர் ஒரு நாளும் தவறமாட்டார்.

"என்ன ஓய், உம்ம கம்பத்தைக் காவேரித் தாயார் வாங்கிண்டுட்டாளா?" என்றார். "நேத்து சாயங்காலம் அடியேன் தீர்த்தமாடறச்சே மேலேர்ந்து ஒன்பதாவது படியிலே தண்ணி. இப்போ மூணாவது படிக்கு வந்துட்டா. பேசிண்டு நிக்காதேயும், போய்ச் சொல்லும்!"

ஆறு படி ஏறியிருந்தது. ஒரு படி அரை அடி உயரம். டேப்பை வைத்து நானே அளந்தேன். எட்டரையோடு மூன்று, பதினொன்றரை. கரையோரத்து மண்சுவர் வீடு ஒன்றில் ஓர் அம்மாள் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"தண்ணி எறங்கிடுமா தம்பி?" என்று கேட்டார்.

எட்டரை எழுதிய கை எனக்குக் கூசியது. மறுபடி ஆபீஸுக்கு ஓடினேன்.

"படிக்கட்டை எண்ணிட்டு வந்தியா?" என்றார் ஹெட் கிளார்க். "சர்க்கார் கணக்கு அடியிலய்யா, படியில இல்ல. ஒரு மணி நேரத்துல மூணடி ஏறிச்சுன்னா மேல இருக்கிறவங்க நம்மளைப் பைத்தியம்பாங்க."

அவர் முன்னாலேயே டெலிபோனை எடுத்தேன். முக்கொம்பு கிடைத்ததும் பதினொன்றரை என்று சொன்னேன்.

"இப்பத்தானே எட்டரைன்னீங்க?" என்றது முக்கொம்புக் குரல்.

"அது நேத்துத் தண்ணிங்க. இன்னிக்குத் தண்ணி பதினொன்றரை. தெருவுக்கு இன்னும் மூணு படிதான்."

"சரி, ஷட்டரைத் தூக்கறோம்" என்றார்கள்.

மத்தியானம் வெள்ளம் மேல்படியை நனைத்து நின்றது. சாயங்காலத்துக்குள் இறங்கத் தொடங்கியது.

பத்து நாள் கழித்து இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று ஹெட் கிளார்க்குக்குப் பாராட்டு. அவ்வளவு வெள்ளத்திலும் ஒரு கட்டம்கூடக் காலியில்லாமல் ரெஜிஸ்டரைப் பராமரித்ததற்காக. மற்றது எனக்கு மெமோ. சர்க்கார் கம்பத்தை ஆற்றோடு போகவிட்டது ஏன், அனுமதியில்லாமல் டெலிபோனைத் தொட்டது ஏன், ஒரே காலையில் இரண்டு ரீடிங் கொடுத்தது ஏன்? முதல் இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மூன்றாவதற்கு, 'முதல் ரீடிங் பார்க்காமல் எழுதியது' என்று உள்ளதைச் சொன்னேன். அதற்கு மட்டும் பதிலே வரவில்லை. நான் நிரந்தரமாக மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று.

புதுக் கம்பம் சித்திரையில் வந்தது. காய்ந்த மணலில் நட்டார்கள். காலையும் மாலையும் வெயிலில் போய்ப் பார்த்துப் பூஜ்யம் எழுதிவந்தேன். அதில் யாரும் குற்றம் கண்டுபிடிக்கவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆற்றில் பார்த்ததை எழுதினால் சில சமயம் மெமோ வரும், பதில் எழுதிவிடலாம். பார்க்காததை எழுதினால் மெமோ வராது. பயப்பட வேண்டியது அதற்குத்தான்.