பூச்சாண்டி தலைக்குக் குளிக்கும் நாள்

“அம்மா, நம்ம அப்பா சாமியா... பூச்சாண்டியா?”

எல்கேஜி படிக்கும் என் மகள் நிலா கேட்ட கேள்வி. கேட்டுச் சில வாரங்கள் ஆகிவிட்டன. இன்னும் என்னிடம் முழுப் பதில் இல்லை. ‘ரெண்டும் இல்ல, அப்பா வெறும் அப்பாதான்’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் அன்று ஒரே நாளில் ஊர் அவரை இரண்டு பெயராலும் கூப்பிட்டிருந்தது. இரண்டையும் அவள் காதால் கேட்டிருந்தாள். அதற்கு மேல் நான் ஒன்றைச் சொல்லி அவள் நம்புவாளா என்ன?

விஷயம் என் கணவர் சங்கரின் தலையில் இருக்கிறது. தலைக்குள் இல்லை — தலைக்கு மேல். சடை! பின்னல் சடை அல்ல; கயிறு கயிறாகத் திரண்டு இடுப்புவரை தொங்கும் சடை. இங்கிலீஷில் டிரெட்லாக்ஸ். பெங்களூரில் பேச்சிலராக இருந்தபோது ஆரம்பித்தது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது தோள்வரை வந்திருந்தது. என் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்: “மாப்பிள்ளைக்கு ஏதும் வேண்டுதலா?”

இவர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், “ஆமா மாமா” என்றார்.

என்ன வேண்டுதல், எந்தச் சாமிக்கு என்று அப்பா இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் தெய்வக் குத்தமாகிவிடுமோ என்ற பயம்.

இப்போது சங்கரன்கோவிலில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருக்கிறோம். அவர் பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்கிறார். நான் நிலாவைச் சாப்பிட வைக்கிறேன். சிரிக்காதீர்கள், அதுவும் முழுநேர வேலைதான்.

சடை என்றால் சீப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், தன்பாட்டுக்கு வளரும் — இப்படி நினைத்துத்தான் நானும் கழுத்தை நீட்டினேன். பிறகல்லவா தெரிந்தது!

வாரம் ஒரு தலைக்குளியல். ஞாயிறு காலையில்தான், சாயங்காலம் கூடவே கூடாது. ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து வேர்க்காலில் தேய்த்து, நுரை முழுக்கப் போகும்வரை அலச வேண்டும். அப்புறம் பழைய வேட்டியால் ஒவ்வொரு சடையாகப் பிழிய வேண்டும். ஈரச் சடையின் கனத்தில் அவர் கழுத்தே பின்பக்கம் சாயும். காயாமல் கொண்டை போட்டால் போச்சு... மேலே காய்ந்தமாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும், இரண்டு நாளில் மழையில் நனைந்த சாக்கு வாடை. பூஞ்சை பிடிக்குமோ, சளி பிடிக்குமோ என்று அவரைவிட நான்தான் பதறுவேன். முகர்ந்து பார்ப்பேன். காய்ந்துவிட்டது. எதற்கும் இன்னொரு தரம் முகர்ந்து பார்ப்பேன்.

இது போக, மாதம் ஒருமுறை வேர் இறுக்கம். புதிதாக முளைத்த முடி சடையோடு சேராமல் பறந்துகொண்டிருக்கும். அதை நுனியில் கொக்கி உள்ள குரோஷா ஊசியால் சடைக்குள்ளேயே இழுத்துச் செருக வேண்டும். பக்கத்துப் பக்கத்துச் சடைகள் வேரில் ஒட்டிக்கொண்டு கூட்டணி வைத்திருக்கும். அதைக் கலைத்துவிட வேண்டும். அந்த ஊசி வாங்கப் போனபோது ஃபேன்சி ஸ்டோர் அண்ணாச்சி, “என்ன பின்னப் போறீய... டேபிள் கிளாத்தா?” என்று கேட்டார்.

“இல்ல அண்ணாச்சி, வீட்டுக்காரரை” என்று வாயில் வந்துவிட்டது. மிச்சச் சில்லறையைக் கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். குளித்துவிட்டு இவர் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தார். தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சடைகளைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டு — புடவை காயப்போடுவதுபோல. கீழேயிருந்து பார்த்தால் ஆள் தெரியாது; முடி மட்டும்தான்.

எதிர் வீட்டு வாசலில் கோமதியக்கா தன் மகன் ஹரீஷுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அவன் வாயைப் பூட்டு போட்டமாதிரி மூடியிருந்தான். அக்கா அண்ணாந்து பார்த்தார்.

“ஏலே, அந்தா பாரு, மாடியில பூச்சாண்டி! வாயத் தொறக்கலன்னா இறங்கி வந்துருவான்!”

ஹரீஷ் பார்த்தான். வாய் தானாகத் திறந்தது.

நியாயமாக என் கணவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் எழுந்து உள்ளே வந்திருக்க வேண்டும். இவர் என்ன செய்தார் தெரியுமா? மெதுவாகத் திரும்பினார். சடை மொத்தத்தையும் முகத்துக்கு முன்னால் தள்ளிக்கொண்டார். “ம்ம்ம்ம்...” என்று ஓர் உறுமல்!

கிண்ணம் காலி.

“யண்ணே, நல்லா இருப்பீய!” என்று கோமதியக்கா கீழேயிருந்தே கும்பிட்டார். நிலா இதையெல்லாம் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். சிவகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், இடுப்பில் பையனோடு நேராக இவர் முன்னால் வந்து நின்றார். கையில் திருநீறு.

“சாமி, பிள்ளை சோறே திங்க மாட்டேங்கான். உங்க கையால துன்னூறு பூசி விடுங்க.”

‘ஐயோ, இவர் சாமி இல்லைங்க’ என்று நான் வாயெடுப்பதற்குள் இவர் கண்ணை மூடிவிட்டார். பையன் நெற்றியில் பூசினார். தாழ்ந்த குரலில் அருளினார்: “பிஸ்கட்ட நிப்பாட்டு தாயி. மத்தியானம் தன்னால திம்பான்.”

நிலாவுக்கு டாக்டர் சொன்ன அதே வார்த்தை! டாக்டர் சொன்னபோது, ‘ஒரேயடியாக நிறுத்தினால் பிள்ளை இளைத்துவிடாதா’ என்று நான் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணோ கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

திரும்பி நடக்கும்போதுதான் நிலா கேட்டாள் — சாமியா, பூச்சாண்டியா?

யோசித்துப் பாருங்கள்... நம் ஊர் அம்மாக்களுக்கு இரண்டு பேரிடமும் இருப்பது ஒரே கோரிக்கைதான். பிள்ளை இன்னும் இரண்டு வாய் சாப்பிட வேண்டும். சாமி கும்பிட்டுச் சாப்பிட்டாலும் சரி, பயந்து சாப்பிட்டாலும் சரி!

அடுத்த ஞாயிறு, தெருவே கிண்ணமும் கையுமாக எங்கள் வீட்டுக்கு எதிரே நின்றது.

“யண்ணே, லேசா தலையை ஆட்டுங்களேன்... இவளுக்கு இன்னும் ரெண்டு உருண்டை பாக்கி!”

இவரும் ஆட்டினார். ஒரே குஷி. எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. நடுவில், ‘இது சரியா?’ என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்டது. எனக்கு அந்தக் குரல் எதற்குத்தான் கேட்காது? சாம்பாரில் பெருங்காயம் போடும்போதும் கேட்கும். அதனால் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொண்டிருக்க வேண்டும்.

நிலாவுக்குப் பிறந்த நாள் நெருங்கியது. தெருப் பிள்ளைகளைக் கூப்பிட அவளே புது கவுனைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். போன வேகத்தில் திரும்பினாள். உதடு பிதுங்கியிருந்தது.

“யாரும் வர மாட்டாங்களாம்மா. நம்ம வீட்டுல பூச்சாண்டி இருக்காம்.”

நான் என்னவோ சமாதானம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்: “கேக் வெட்டுத அன்னைக்கு மட்டும் அப்பாவ வேற வீட்டுக்கு அனுப்பிருவோமா?”

உள்ளே லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவர் கேட்டுவிட்டார். வெளியே வந்து அவளைத் தூக்கிக்கொண்டார். தோளில் கிடந்த சடையைக் கையால் ஒதுக்கிவிட்டுத்தான் அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். முன்பெல்லாம் அதைப் பிடித்து ஊஞ்சல் ஆடுவாள்.

“வெட்டிருதேன்” என்றார் என்னிடம். “பிறந்த நாளுக்கு முன்னாடியே.”

இந்த வார்த்தைக்காக நான் எத்தனை ஞாயிறு ஏங்கியிருக்கிறேன்! வேட்டியால் பிழிய வேண்டாம். முகர்ந்து பார்க்க வேண்டாம். தலையில் கும்பம் வைத்தமாதிரி உட்கார்ந்திருக்கும் ஹெல்மெட் இனி ஒழுங்காக உள்ளே இறங்கும். ‘சரிங்க’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“கொஞ்சம் பொறுங்களேன்” என்று வந்தது.

ஏன்? நாலு பேர் சொன்னால் நம்மை நாமே வெட்டிக்கொள்ள வேண்டும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளுமோ? சரியான பயம்தான் என்று தோன்றியது. பிள்ளையின் அழுகையைவிட முடி பெரிதா? குக்கர் அடுத்த விசில் அடிப்பதற்குள் இதுவும் சரியென்று தோன்றியது. இப்படியே நாட்கள் ஓடின. பிறந்த நாளுக்கு முந்தின ஞாயிறும் வந்துவிட்டது.

“வெட்டுததா இருந்தாலும் வேரை இறுக்கி, நீட்டாக்கிட்டு வெட்டுவோம்” என்று குரோஷா ஊசியை எடுத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

“ஏட்டி, வெட்டப் போற கிடாய்க்கு மஞ்சத்தண்ணி தெளிக்கியாக்கும்?” என்றார் இவர்.

வழக்கமாக அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை. அன்று கரண்ட் இல்லை. உள்ளே புழுக்கம், வெளிச்சமும் போதாது. தெருவைப் பார்த்த மாடிப்படியில் உட்கார்ந்தோம். அவர் கீழ்ப்படியில், நான் மேல்படியில். நிலா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக. ஹரீஷும் மற்ற பிள்ளைகளும் எதிர்ச் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தார்கள். ஓடுவதற்குத் தயாரான தூரம்.

ஊசியை வேரில் விட்டு இழுத்தேன்.

“ஆ! மெதுவாட்டி!”

“ஆடாதீங்க.”

“வலிக்கு!”

“ஆடுனா வலிக்கத்தான் செய்யும்.”

மறுபடி இழுத்தேன். அவர் துள்ளினார். என் கை தானாக எழுந்து அவர் உச்சந்தலையில் ‘ணங்’கென்று ஒரு கொட்டு வைத்தது. சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை! ஸ்கூல் வேன் வருவதற்குள் தினமும் நிலாவுக்குத் தலை பின்னிப் பழகிய கை. கையோடு சேர்ந்து வசனமும் வந்துவிட்டது — மரியாதை இல்லாமல்.

“ஆடாம இருன்னா இருக்கணும்!”

எதிர்ச் சுவரோடு நின்ற பிள்ளைகள் ஓட மறந்து பார்த்தார்கள். பிறகு, ரெட்டைச் சடை போட்ட ஒரு குட்டிப் பெண் சுவரை விட்டு முன்னால் வந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எங்கம்மையும் இப்படித்தான் கொட்டும்” என்றாள். குரலில் அவ்வளவு ஆறுதல்.

“சீப்பாலயா?” என்றார் இவர் பரிதாபமாக.

“சீப்பாலயும்.”

ஹரீஷ் விழுந்து விழுந்து சிரித்தான். “ஏலே, பூச்சாண்டி அழுதான்லே!”

நிலா விருட்டென்று எழுந்தாள். “பூச்சாண்டி இல்ல. எங்கப்பா. தலை பின்னும்போது அழுவாரு!” என்று தெருவுக்கு அறிவித்தாள். பிறகு இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “கண்ண மூடிக்கப்பா. சீக்கிரம் முடிஞ்சிரும்.”

பாதிக் கேள்விக்கு அவளே பதில் சொல்லிவிட்டாள். சாமி விஷயம் மட்டும் பாக்கி.

பிறந்த நாளுக்குக் கூப்பிடாத பிள்ளைகள்கூட வந்தார்கள். கேக் யாருக்கு வேண்டும்? எல்லோருக்கும் அவர் தலைதான் வேண்டியிருந்தது. தரையில் உட்கார வைத்து, சுற்றி நின்று ரிப்பன் கட்டினார்கள், கிளிப் மாட்டினார்கள், பலூனை முடிந்துவிட்டார்கள். யாராவது இழுத்தால் இவர் “ஆ!” என்பார். உடனே யாராவது ஒரு கொட்டு வைப்பார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற நிலா, “இந்தச் சடை எனக்கு. அந்தச் சடை உனக்கு” என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தாள். என் கத்தரிக்கோல் கேக் பெட்டியின் கயிற்றை வெட்டியதோடு சரி.

மறுநாள் கோமதியக்கா சண்டைக்கு வந்துவிட்டார். “என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீய! ‘பூச்சாண்டியக் கூப்பிடட்டா’ன்னா, ‘கூப்பிடு, கிளிப்பு மாட்டணும்’ங்கான். இனி நான் எதக் காட்டிச் சோறு ஊட்ட?”

தெரிந்தால் நான் நிலாவுக்கு ஊட்டியிருக்க மாட்டேனா, அக்கா?

என் கவலை இப்போது வேறு. பார்ட்டி நடுவில் ஹரீஷ் ஒரு டப்பா நிறைய ஜிகினாத் தூளைக் கொண்டுவந்து இவர் தலையில் கொட்டிவிட்டான். வெறும் முடி என்றால் ஒரு குளியலில் போய்விடும். முற்றிய சடை அப்படியல்ல. உள்ளே போனது வெளியே வராது. ஒருமுறை யாரோ சொன்னார்கள் என்று சீயக்காய் தேய்த்துவிட்டு மாதக்கணக்கில் தூள் தட்டியிருக்கிறேன். இது ஜிகினா! குளிப்பாட்டினேன், பிழிந்தேன், செலோ டேப் ஒட்டி ஒட்டி எடுத்தேன். தலையணை மின்னுகிறது, தோசைக்கல் மின்னுகிறது. ஆபீஸ் வீடியோ காலில் இவர் தலையசைத்தால் பெங்களூரில் எல்லோரும் கண்ணைச் சுருக்குகிறார்களாம். வினிகரில் ஊற வைக்கலாம் என்று எங்கோ படித்தேன். முடி வறண்டுவிடும் என்று இன்னோர் இடத்தில் படித்தேன். வினிகர் பாட்டில் திறக்காமலே இருக்கிறது.

உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கும். சடைக்குள் போன ஜிகினாவை எடுக்க என்ன வழி? எதுவாக இருந்தாலும் எழுதுங்கள், செய்து பார்க்கிறேன்.

‘கத்தரிக்கோல்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.