என் தலைக்கு மேல் ஒரு தோட்டம்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் ஆறாம் மாடியில் நானும் மனைவியும் இருக்கிறோம். அதற்கு மேலே மொட்டைமாடி. வரைபடத்தில் அங்கே தோட்டம் என்று பச்சை நிறத்தில் போட்டிருந்தது. கட்டியவர்களோ நாலு சிமெந்துத் தொட்டிகளை எழுப்பி, உடைந்த ஓடுகளைக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி.

மூன்றாம் மாடிக்குக் குடிவந்த டீச்சர் அந்த நிம்மதியைக் கெடுத்தார். தொட்டிகளில் வடிகால் துளை போட ஆள் பிடித்தார். என் மத்தியான நித்திரை போயிற்று. பிறகு மண் ஏறியது, வல்லாரையும் மல்லிகையும் ஏறின, பின்னேரங்களில் கட்டிடத்துப் பெண்கள் எல்லோரும் ஏறினார்கள். என் மனைவியும்தான். மேலே சிரிப்புக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் என்னை நுளம்பு கடித்தது. போதாதா? டெங்கு வரப்போகிறது என்று நிர்வாகக் குழுவில் கத்தினேன், சுகாதாரப் பரிசோதகருக்கும் முறையிட்டேன். கட்டிடத்தில் ஒரு நுளம்புக் குடம்பி அகப்பட்டாலும் தோட்டத்தை அகற்றுவது என்று தீர்மானம் எழுதியதும் நான்தான். டீச்சர் என் வாசலுக்கே வந்தார்.

"அங்கிள், கீழ எறங்கினா காலி வீதி வாகன எரைச்சல், உள்ளுக்கு நாலு செவரு. எங்களுக்கு ஒக்காந்து கதைக்க ஈக்கிறது இந்த ஒரு எடம்தான்."

"அதைப் பரிசோதகரிட்டச் சொல்லுங்கோ," என்றேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சுகாதாரப் பரிசோதகர் வந்து, டோர்ச் அடித்து ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தார். எங்கும் தண்ணீர் தேங்கியிருக்கவில்லை. அடுத்து, முறையிட்டவரின் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக் கதவைத் திறந்தேன். அவர் நேரே குசினிக்குப் போய், ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் வடியும் தட்டை உருவினார். அதற்குள் குடம்பிகள் நெளிந்தன.

"கிழமைக்கு ஒருக்கா கழுவுறனான் எண்டு இவர்தான் சொல்லுறவர்," என்றாள் மனைவி.

குழுத் தலைவர் தலையைச் சொறிந்தார். "நீங்கள் எழுதின தீர்மானம்தானே அய்யா. தோட்டத்தை எடுக்கத்தான் வேணும்."

தீர்மானத்தை மாற்ற எல்லா வீட்டுக் கையெழுத்தும் வேண்டுமாம். அன்றே ஒரு தாளோடு புறப்பட்டேன். கதவு கதவாகத் தட்டி, நுளம்பு என்னுடைய குசினியில்தான் என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள், சிலர் தேத்தண்ணீரும் தந்தார்கள். டீச்சரின் கதவைத் தாண்டி நிலமாடிவரை போய், கடைசியாகத் திரும்பி ஏறி வந்து அதைத் தட்டினேன்.

அவர் கையெழுத்துகளைப் பார்த்தார். "எல்லா ஊட்டுக்கும் போய்ட்டா எனக்கிட்ட வாறீங்க?"

"உங்கட முகத்தைப் பாக்கிறதுக்கு எனக்கு இவ்வளவு நேரம் தேவைப்பட்டது, டீச்சர்."

அவர் பேனைக்குக் கையை நீட்டினார்.