காய்ச்சலைச் சொல்லாத தங்கராசு அண்ணன்

தங்கராசு அண்ணன் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது, போடிமெட்டில் ஆம்புலன்சை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தேன். டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். எங்கள் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுத்து வண்டி அனுப்பியவர் அவர். அவர் குரலை நம்பித்தான் இத்தனை வருடம் மலையில் ஸ்டியரிங் பிடித்தேன்.

கொரோனா ஊருக்குள் வருமுன்பே எங்களைத் தயார்படுத்தியவரும் அவர்தான். "யாரு கூப்பிட்டாலும் காய்ச்சல் இருக்கான்னு மொதல்ல கேளு. இருந்தா வண்டிக்காரன்கிட்டச் சொல்லிரு. அவனும் பிள்ளகுட்டிக்காரன்" என்பார். கவச உடை மாட்டப் பழகும்போது என் தொப்பையைத் தட்டி, "மாப்ளே, ஒனக்கு ரெண்டு உடுப்பச் சேத்துத் தைக்கணும்டா" என்றார். கூட வேலை பார்க்கும் உங்களில் பலரும் அன்று சிரித்தீர்கள்.

அந்த நாட்களில் ஒரு மதியம், ஏலத்தோட்டத்தில் ஒரு அம்மா வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொல்லி அண்ணன் என்னை அனுப்பினார்.

"காய்ச்சல் இருக்காண்ணே?"

"அதெல்லாம் இல்ல. வெரசாப் போ."

நானும் நர்ஸ் ஜெயராணியும் வெறும் முகக்கவசத்தோடு போனோம். அந்த அம்மாவைத் தாங்கித் தூக்கிய பிறகுதான், "அண்ணே, ஒடம்பு கொதிக்குதே!" என்றாள் ஜெயராணி. கொஞ்ச நாளில் அவளே காய்ச்சலில் விழுந்தாள். எழவேயில்லை. சுடுகாட்டு வாசலில் அண்ணன் என் தோளைப் பிடித்து அழுதார். "எங்கிட்ட மறச்சுட்டாளுக மாப்ளே, பாவிக."

அந்தக் குடும்பத்தை அன்றிலிருந்து வெறுத்தேன். அண்ணனின் இறுதிச் சடங்குக்கு, அன்று போன் செய்து வண்டி கேட்ட அந்த அம்மாவின் மகள் தோட்டத்து ஜீப்பில் வந்து இறங்கி, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காய்ச்சல மறச்சு ஒரு உயிரக் கொன்னுட்டு இங்க எதுக்கு வந்த?" என்று கத்திவிட்டேன்.

அவள் திகைத்துப்போனாள். "நான் மறைக்கலண்ணே. காய்ச்சல்னுதான் சொன்னேன். 'அதச் சொன்னா எவனும் வர மாட்டான் ஆத்தா, நான் பாத்துக்கிறேன்'னாரு. எங்கம்மா பொழச்சதே அவராலதான்."

நான் கொண்டுபோன மாலை கையிலேயே இருந்தது. யாரோ வாங்கிப் போட்டார்கள்.

அவரால் பிழைத்தவர்கள் இந்த மலையில் நிறையப் பேர் என்று இரங்கல் கூட்டத்தில் பேசினீர்கள். உண்மைதான், மறுக்க மாட்டேன். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது ஆத்திரம் மட்டும்தான். காய்ச்சல் என்றால் இவன் மலையேற மாட்டான் என்று என்னைப் பற்றி முடிவு கட்டிவிட்டாரே!

சொல்லியிருந்தால் உடுப்பை மாட்டிக்கொண்டு போயிருப்பேனே, அண்ணே. ஜெயராணியும் வந்திருப்பாள்.