மூட முடியாத கண்

செம்பனைத் தோட்டத்துத் தூசியில் மோட்டார் சைக்கிள் ஓட்டி ஓட்டியே என் இடது கண்ணில் சதை வளர்ந்துவிட்டது. சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்தார்கள். அந்தக் கண்ணைத் தவிர முகத்தைத் துணி மூடியிருந்தது. இடது இமைகளை ஒரு கம்பி விரித்துப் பிடித்திருந்தது. வெட்டிய இடத்தை மூட, தையலுக்குப் பதில் பசை வைக்கலாம் என்றார் டாக்டர்.

தைப்பூச விரதத்தில் இருந்தேன். மனைவி சொல்லி அனுப்பியபடி, "மாடு கலந்திருக்கா?" என்று கேட்டேன்.

"இதுல இல்ல அங்கிள். மனுஷ ரத்தத்துல செஞ்சது," என்றார் தமிழ் மிஸி, பக்கத்தில் நின்ற நர்ஸ்.

மாடு என்றால் வேண்டாம் என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

"யாரோட ரத்தம்?"

"நெறைய பேரு குடுத்தது. கிருமி போக சுத்தம் பண்ணிருக்காங்க. ஆபத்து ரொம்ப கம்மி லா, ஆனா அறவே இல்லன்னு சொல்ல முடியாது. தையல்னா கொஞ்ச நாள் உறுத்தும்."

யோசிக்கக் கண்களை மூடினேன். ஒன்றுதான் மூடியது. மற்றதில் விளக்கு வெளிச்சம் அப்படியே நின்றது.

"ஒட்டுங்க," என்றேன்.