எவாசியோவின் சாவிக்கொத்து

இத்தாலியின் டூரின் நகரச் சட்டக் கல்லூரியின் சாவிக்கொத்து காவலாளி எவாசியோவின் இடுப்பில் தொங்கிய காலமெல்லாம் அங்கே ஒரு மைக்கூடுகூடத் தொலைந்ததில்லை. அதனால்தான் பேராசிரியர் ராவிஸ்ஸா அவனைத் தேர்ந்தெடுத்தார். சிறைக்கைதிகளின் தலைகளை அளந்து முடித்திருந்த அவருக்கு, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு யோக்கியனின் தலை வேண்டியிருந்தது.

அளந்தார். கனத்த தாடை, ஜாடியின் பிடிகளாக விரிந்த காதுகள். அளவுகள் அத்தனையும் திருடனுடையவை. படிக்காதவன் இந்த இடத்தில் அளவுகோலைச் சந்தேகித்திருப்பான்.

"நீ இன்னும் திருடல எவாசியோ, அவ்வளவுதான்," என்று சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் மனைவி செகோந்தினா சோளக்களியைக் கிளறிக்கொண்டே சிரித்தாள். "இந்த மூஞ்சியப் பாத்துத்தான் எங்கப்பா என்னைக் கட்டிக்குடுத்தாரு. அவரு படிக்கல, பாவம்!"

"சிரிக்காதடி. இடுப்புல கனமில்லாம நடக்கவே வரல."

இப்போது அவன் வேலை, வகுப்பில் பெஞ்சில் அமர்ந்து பக்கவாட்டு முகத்தைக் காட்டுவது. கரும்பலகையில் 'கிரிமினோலொஜியா' என்று எழுதியிருந்தது. லத்தீன் உடம்பும் கிரேக்க வாலுமாக அண்மையில்தான் பிறந்த சொல்.

"கிரிமென்னா குற்றம். லோகோஸ்னா அறிவு," என்றார் ராவிஸ்ஸா.

ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, பழைய ரோமாக்காரங்களுக்குக் கிரிமென்னா குற்றச்சாட்டுதானே? செஞ்ச செயல் இல்லையே?"

"மொதல்ல அப்படித்தான். போகப்போக, சாட்டுனதும் செஞ்சதும் ஒண்ணாயிடுச்சு."

"எனக்கு ஒரே காலையில ஆயிடுச்சுங்க," என்றான் எவாசியோ.

வகுப்பு சிரித்தது. "மாதிரிப் பொருள் பேசக்கூடாது," என்றார் ராவிஸ்ஸா.

புதிய காவலாளியை அவன் நெற்றியின் அழகுக்காக எடுத்திருந்தார்கள். ஒரு மாலை அவன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வெர்மூத் மதுக்கடைக்குப் போய்விட்டான். கதவுகள் திறந்து கிடந்தன. எவாசியோவின் கை அவனைக் கேட்காமலே சாவிக்கொத்தை எடுத்தது. ஒவ்வொரு கதவாகப் பூட்டிக்கொண்டு வந்தான். கடைசிக் கதவில் ராவிஸ்ஸா நின்றிருந்தார்.

"எடுத்துட்டியா!" மகளுக்கு வரன் அமைந்ததுபோல் அவர் முகம் மலர்ந்தது.

"பூட்டத்தாங்க எடுத்தேன்."

"எல்லாரும் ஏதாவது காரணம் சொல்லத்தான் செய்வாங்க."

எவாசியோவுக்கு வேலை போயிற்று. புதிய அறிவியலுக்குச் சான்று கிடைத்தது. அன்றிரவு கல்லூரியில் எதுவும் திருட்டுப் போகவில்லை. எல்லாக் கதவுகளும் பூட்டியிருந்தன.